ஹாஃப்-லைஃப் 2 ஆடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பழைய லேப்டாப்பைச் சரிபார்க்கக் கொண்டு வருகிறவர்கள், கிளம்பும்போது "இதுல ஏதாவது நல்ல கேம் ஓடுமா?" என்று கேட்பார்கள். நான் சொல்லும் முதல் பெயர் ஹாஃப்-லைஃப் 2. இரண்டு நாள் கழித்து போன் வரும். நீடாமங்கலத்திலிருந்து வந்தாலும் முத்துப்பேட்டையிலிருந்து வந்தாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை வைத்து, பதிலை எழுதியிருக்கிறேன். கதையின் திருப்பங்களைத் தொடவில்லை. 18, 19, 20 ஆகிய மூன்றும் பிற்பகுதி அத்தியாயங்கள் பற்றியவை. அங்கே போன பிறகு படித்தால் போதும்.

1. "அண்ணே, இது ஃப்ரீ ஃபயர் மாதிரி தானே?"

இல்லை தம்பி. ஃப்ரீ ஃபயர், பி.ஜி.எம்.ஐ. எல்லாம் ஆன்லைனில் அடுத்தவர்களோடு மோதுகிற ஆட்டம். ஹாஃப்-லைஃப் 2 ஒருவர் தனியாக ஆடும் கதை. மொத்தம் 14 அத்தியாயங்கள். முதல் தடவை ஆடும்போது பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் காசு கட்டி வாங்க வேண்டியது எதுவும் கிடையாது.

வால்வ் நிறுவனம் 2004 நவம்பர் 16 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. கோர்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியல் விஞ்ஞானிதான் நீங்கள். கம்பைன் என்ற வேற்றுலகப் படை ஏழே மணி நேரத்தில் பூமியைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பல வருடங்கள் கழித்து, சிட்டி 17 என்ற ஊருக்குள் வரும் ரயிலில் கண்விழிக்கிறீர்கள். கையில் முதலில் கிடைக்கும் ஆயுதம் ஒரு கடப்பாரை.

இந்த ஆட்டத்துக்கு வேகமான கையைவிட நிதானமான கண் முக்கியம். ஓர் அறைக்குள் நுழைந்ததும், சுடுவதற்கு முன்னால் அறையைப் பாருங்கள். எதிரியை அடக்குவதற்கான பொருளும் வெளியேறும் வழிக்கான பொருளும் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

2. "முதல் பாகம் ஆடல. நேரா ரெண்டுக்கு வந்தா புரியுமா?"

புரியும். முதல் பாகம் 1998-இல் வந்தது. பிளாக் மேசா என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சோதனை கைமீறிப் போய், வேற்றுலக உயிரினங்கள் நம் உலகுக்குள் வர வழி திறந்துவிடுகிறது. அதில் உயிர் தப்பியவர்களில் ஒருவர் ஃப்ரீமேன். டாக்டர் க்ளைனர், ஈலை வான்ஸ், பார்னி ஆகியோர் அவருடைய பழைய சகாக்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், தைரியமாகத் தொடங்கலாம்.

3. "பிளஸ் டூல குடுத்த அரசு லேப்டாப்புல ஓடுமா?"

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். தமிழக அரசு 2011-இல் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றாவது பரண்மேல் இருக்கிறது. இந்த கேம் கேட்பது 1.7 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 512 எம்.பி. ரேமும்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை; இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். ஆகவே கேம் ஓடும்.

தடையாக நிற்பது, கேம்களை வாங்கி இறக்க உதவும் ஸ்டீம் என்ற மென்பொருள். அது இல்லாமல் இந்த கேமை இறக்கவே முடியாது. 2024 ஜனவரி 1-லிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஸ்டீம் கைவிட்டுவிட்டது. குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும், அதுவும் 64 பிட். 2 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 10 திணறும். ரேமை 4 ஜி.பி. ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், கேமுக்கு மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் அந்த லேப்டாப் இன்னும் சில வருடம் உழைக்கும். கேமுக்குள் வீடியோ அமைப்பில் ரெசல்யூஷனை 1280க்கு 720 என வையுங்கள். நிழலையும் தண்ணீர்ப் பிரதிபலிப்பையும் குறைத்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது அத்தியாயங்கள் முழுக்க வாய்க்காலும் தண்ணீரும்தான், படம் இழுப்பது அங்கேதான்.

இன்னொன்று. அறுவடை முடிந்து வரும் லேப்டாப்பைப் பிரித்தால் காற்றுப்போக்கியின் தகடுகளுக்கு நடுவே நெல் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். விசிறி முழு வேகத்தில் சுற்றும், ஆனால் வெளியே காற்றே வராது. களத்துக்குப் பக்கத்து வீடுகளில் இது சாதாரணம். சித்திரை வெயிலில் இப்படிப்பட்ட லேப்டாப்பில் கேம் ஆடினால் பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். கேம் மேல் பழி போடுவதற்கு முன் விசிறியைச் சுத்தம் செய்து, செயலிக்குப் புது பேஸ்ட் வையுங்கள்.

4. "ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தான் டேட்டா. எப்படி எறக்குறது?"

ஸ்டீமில் இறக்கத்தை நடுவில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போன் ஹாட்ஸ்பாட் போட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மற்ற கேம்களின் தானியங்கி அப்டேட்டை மட்டும் முதலில் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் டேட்டாவை அதுவே தின்றுவிடும். ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் கணினியிலிருந்து கேம் கோப்புறையை பென் டிரைவில் எடுத்து வந்து உங்கள் ஸ்டீம் கோப்புறையில் வைத்தாலும், ஸ்டீம் அதைச் சரிபார்த்து மீதியை மட்டும் இறக்கும். ஆனால் கேம் உங்கள் கணக்கில் வாங்கியிருக்க வேண்டும்.

இறக்கி முடித்ததும் ஒருமுறை நெட்டோடு திறந்து பார்த்துவிடுங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றினால் நெட் இல்லாமலே ஆடலாம்.

5. "அப்போ அந்த பென் டிரைவ்லயே கிராக் பண்ணதா குடுங்களேன்?"

மாட்டேன். என் கடைக்கு வைரஸோடு வரும் கணினிகளில் கிராக் கேம் போட்டதால் கெட்டவை நிறைய. ஸ்டீமின் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் இதன் விலை பெரிதாக இறங்கும், யு.பி.ஐ.யிலேயே கட்டலாம். அவசரம் வேண்டாம், விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். விலை இறங்கினால் மின்னஞ்சல் வரும்.

6. "ஆடிக்கிட்டு இருக்கும்போதே கரண்டு போயிடுது. எல்லாம் முதல்லேருந்தா?"

இல்லை. கேம் தானாகவே ஆங்காங்கே சேமித்துக்கொள்ளும். அது போதாது. எஃப்6 விசையைத் தட்டினால் அந்த நொடி அப்படியே சேமிக்கப்படும். எஃப்9 தட்டினால் அங்கேயே திரும்புவீர்கள். ஒரு சண்டை முடிந்ததும் எஃப்6, ஒரு கதவைத் திறக்கும் முன் எஃப்6 என்று விரலைப் பழக்குங்கள்.

ஆனால் எஃப்6-ஐ மட்டும் நம்பி இருக்காதீர்கள். சேமிக்கும் அதே நொடியில் கரண்டு போனால் அந்தக் கோப்பு கெட வாய்ப்புண்டு. குற்றுயிராகக் கிடக்கும்போது அவசரத்தில் எஃப்6 தட்டிவிட்டால், திரும்பத் திரும்ப அதே சாவிலேயே கண்விழிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் மெனுவுக்குப் போய்த் தனியாக ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தத்துக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிற கரண்டு சொல்லிக்கொண்டு போகாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு மாதமாவது யு.பி.எஸ். இல்லாமல் ஆட வேண்டாம்.

7. "இங்கிலீஷ்ல வேகமா பேசுறாங்க. ஒண்ணும் புடிபடல."

ஆடியோ அமைப்பில் குளோஸ்டு கேப்ஷன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பேச்சு மட்டுமல்ல, பின்னால் எழும் சத்தங்களும் எழுத்தில் வரும். காது கேளாதவர்களும் ஆட வேண்டும் என்று வைத்த வசதி. தமிழ் எழுத்து கிடையாது. ஆனாலும் எழுதியதைப் படிக்கும்போது பிளஸ் டூ ஆங்கிலமே போதும். பாத்திரங்கள் பேசும்போது நீங்கள் சுதந்திரமாக நடமாடலாம்; அவர்கள் சொல்லும் தகவலைவிட அவர்கள் நிற்கும் இடம், சுவரில் ஒட்டியிருக்கும் பழைய செய்தித்தாள் துண்டு ஆகியவை அதிகம் சொல்லும்.

8. "மவுஸ், கீபோர்டு ரெண்டையும் சேத்து புடிக்க கை வரல. போன்ல ஆடிப் பழகிட்டேன்."

ஆட்டம் தொடங்கும் ரயில் நிலையத்தில் யாரும் சுட வர மாட்டார்கள். அங்கேயே சுற்றிச் சுற்றி நடந்து பழகுங்கள். டபிள்யூ, ஏ, எஸ், டி நடப்பதற்கு. ஷிஃப்ட் ஓட, கன்ட்ரோல் குனிய, ஈ பொருளை எடுக்க. குப்பைத்தொட்டியில் ஒரு டப்பாவைப் போடச் சொல்லி ஒரு காவலன் மிரட்டுவான். பொருளை எடுப்பதையும் வீசுவதையும் கேம் சொல்லித்தருவது அந்த இடத்தில்தான். டப்பாவைத் தொட்டியில் போடலாம், அவன் முகத்திலும் எறியலாம்.

லேப்டாப்பின் டச்பேடில் ஆட முயற்சிக்காதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் போதும். கை பழகும்வரை ஆட்டத்தின் கடினநிலையை ஈஸியில் வையுங்கள். நிலையை நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஈஸியில் கடைசிவரை போய் முடித்தார், கதை அவருக்கு எந்த விதத்திலும் குறையவில்லை.

9. "அரை மணி நேரம் ஆடுனா தலை சுத்துது, குமட்டுது."

பலருக்கு வருகிறது, குறிப்பாக நான்காம் அத்தியாயத்தின் காற்றுப் படகில். பார்வைக் கோணம் தொடக்கத்தில் குறுகலாக வைக்கப்பட்டிருக்கும். வீடியோ அமைப்பில் அதை 90 ஆக்குங்கள். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். தலை சுற்றத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டும், தாக்குப்பிடித்து ஆடினால் அன்று முழுக்க விடாது.

10. "குண்டு பத்தவே மாட்டேங்குது!"

எல்லாவற்றையும் ஒரே துப்பாக்கியால் சுடுவதால் வரும் தட்டுப்பாடு இது. ஒவ்வொன்றுக்கும் சுமக்கும் அளவு உண்டு. கைத்துப்பாக்கிக்கு 150, எஸ்.எம்.ஜி. என்ற தொடர்துப்பாக்கிக்கு 225, ஷாட்கன்னுக்கு 30, குறுக்கு வில்லுக்கு 10, கையெறி குண்டு 5, ராக்கெட் 3. தூரத்தில் நிற்பவனுக்குக் கைத்துப்பாக்கி, கதவைத் திறந்ததும் முன்னால் நிற்பவனுக்கு ஷாட்கன் என்று பிரித்துச் செலவழியுங்கள். ஆளின் தலையைக் கவ்வும் ஹெட்கிராப் என்ற பூச்சி தனியாகப் பாய்ந்து வந்தால் கடப்பாரையே போதும்.

மரப்பெட்டிகளை உடைக்காமல் போகாதீர்கள். அவற்றில் பலவற்றின் உள்ளே என்ன இருக்கும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதல்ல. உடைக்கும் நேரத்தில் உங்களிடம் எது குறைவாக இருக்கிறதோ, அதையே கேம் கொடுக்கும். உயிர் குறைந்திருந்தால் மருந்து வரும், குண்டு குறைந்திருந்தால் குண்டு வரும். அதனால் உயிர் 100 இருக்கும்போது வரிசையாக எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளாமல், சண்டைக்கு அப்புறம் உடைப்பது புத்திசாலித்தனம். பெரிய மருந்துப்பெட்டி 25 உயிர் தரும், சின்னக் குப்பி 10.

காதையும் பயன்படுத்துங்கள். முகமூடிக் காவலர்கள் செத்தால் அவர்கள் ரேடியோவில் நீளமாக ஒரு 'பீப்' ஒலிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தானா இல்லையா என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சத்தம் கேட்டால் கதை முடிந்தது, அந்தப் பக்கம் குண்டை வீணாக்க வேண்டாம்.

11. "டார்ச் அடிச்சிக்கிட்டே ஓடுனா டார்ச் அணைஞ்சிடுது. கேம்ல கோளாறா?"

கோளாறில்லை. ஓட்டம், டார்ச், தண்ணீருக்கடியில் மூச்சு மூன்றுக்கும் கவச உடையில் ஒரே மின்சேமிப்புத்தான். கல்லணைக்கு வரும் தண்ணீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்துவிடுகிற கணக்குத்தான் இது. மூன்று தலைப்பையும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்தால் எதுவும் கடைமடைக்குப் போகாது. இருட்டில் டார்ச் போட்டு நடங்கள். ஓட வேண்டி வந்தால் அணைத்துவிட்டு ஓடுங்கள். முங்குவதற்கு முன்னால் ஓடாமல் நின்று நிரப்பிக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்தால் சில நொடிகளில் தானாக நிரம்பிவிடும். பின்னால் வந்த எபிசோட் டூவில் டார்ச்சுக்குத் தனிச் சேமிப்பு கொடுத்துவிட்டார்கள்.

12. "படகோட ஒரு இடத்துல நின்னுட்டேன். சாரம் கீழ கிடக்கு, தாண்ட முடியல."

இரண்டு நாள் இந்த இடத்திலேயே நின்றவர்கள் உண்டு. குண்டு எதுவும் வேண்டாம். தண்ணீரில் பாதி முங்கிக் கிடக்கும் அந்தச் சாய்தளத்தின் அடியில் ஒரு கம்பிக்கூண்டு இருக்கும். சுற்றிலும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் மிதக்கும். படகை விட்டு இறங்கி, ஒவ்வொரு டிரம்மாகத் தள்ளிக்கொண்டு போய் தண்ணீருக்கடியில் முங்கி அந்தக் கூண்டுக்குள் விடுங்கள். நாலைந்து டிரம் போனதும் மிதப்புச் சக்தி சாய்தளத்தைத் தூக்கிவிடும். படகில் ஏறி வேகமெடுத்துத் தாண்ட வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தில் பொருள்களுக்கு எடையும் மிதப்பும் நிஜமாகவே உண்டு. ஹாவோக் என்ற இயற்பியல் மென்பொருளை எடுத்து, வால்வ் தன்னுடைய சோர்ஸ் எஞ்சினுக்குள் இணைத்திருந்தது. மரம் மிதக்கும், இரும்பு முங்கும், சீசாப் பலகையின் ஒரு முனையில் செங்கல் வைத்தால் மறுமுனை ஏறும். 2004-இல் இப்படிப் பொருள்களை வைத்துப் புதிர் போட்ட ஆட்டங்கள் அபூர்வம். ஷட்டர் மூடிக் கிடந்தால் அதைத் தூக்கும் சக்கரம் எங்கே என்று மேலே தேடுங்கள். ஈ விசையை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுற்றும். இந்தச் சக்கரம் எங்கே இருக்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை.

13. "கிராவிட்டி கன் கெடைச்சுது. அத வெச்சு என்ன பண்றது?"

எல்லாமே. வலது பொத்தான் பொருளை இழுத்துப் பிடிக்கும், இடது பொத்தான் வேகமாக எறியும். குண்டு செலவில்லாத ஆயுதம். எரிவாயு உருளை, ரேடியேட்டர், கழிவறைத் தொட்டி என்று கையில் அகப்பட்டதெல்லாம் பீரங்கிக் குண்டாகிவிடும். எதிரி வீசும் கையெறி குண்டைக் காற்றிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பலாம். பறந்து வந்து வெட்டும் மேன்ஹாக் எந்திரத்தையும் பிடித்துச் சுவரில் அடிக்கலாம். ஒரு மேசையைத் தூக்கி முன்னால் பிடித்தால் கேடயம். எட்டாத உயரத்தில் இருக்கும் மருந்துப்பெட்டியையும் இழுத்துக்கொள்ளலாம்.

14. "ரேவன்ஹோம் ராத்திரில ஆட முடியல. பயமா இருக்குண்ணே. தாண்டிப் போக வழி இருக்கா?"

மெனுவில் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நீங்கள் ஏற்கெனவே எட்டிய அத்தியாயம்வரைதான் திறந்திருக்கும். ஆகவே தாண்ட முடியாது. தாண்டவும் கூடாது என்பேன். சோம்பிகள் திரியும் அந்த ஊர்தான் ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி.

பகலில் ஆடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் கட்டடத்தில் ஒரு சோம்பியின் பாதி உடல், சுவரில் குத்திய வட்ட ரம்பத் தகட்டில் மாட்டித் தொங்கும். அதைப் பார்த்தவுடன் ஓடாமல் நின்று பார்த்தால் பாடம் அங்கேயே இருக்கிறது. அந்தத் தகட்டைக் கிராவிட்டி கன்னால் பிடுங்கி, நடைவழியில் வரும் அடுத்த சோம்பியின் இடுப்பு உயரத்துக்குக் குறிவைத்து எறியுங்கள். இரண்டு துண்டு. தகடு சுவரில் போய்க் குத்தி நிற்கும். மறுபடி பிடுங்கி மறுபடி எறியலாம். நல்ல ஒரு தகடு கையில் இருந்தால் பத்து நிமிஷத்துக்குத் துப்பாக்கியை எடுக்கவே வேண்டியதில்லை. ஊர் முழுக்க, அந்த ஊர்ப் பாதிரியார் ஃபாதர் கிரிகோரி வைத்த பொறிகள் இருக்கின்றன. எரிவாயுக் குழாயைத் திறந்து நெருப்பு வைக்கும் பொறி, கயிற்றில் தொங்கி விழும் கார். சுடுவதைவிட அவற்றின் நெம்புகோலைத் தேடுவதே மேல். அவரே உங்களுக்கு ஷாட்கன்னும் தருவார், அவர் ஒரு நல்ல மனிதர், பயப்படாமல் நம்பலாம்.

கூரையில் தகரக் குழாய் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டால் வேகச் சோம்பி ஏறி வருகிறது என்று பொருள். குழாயின் மேல்முனையைக் குறிவைத்து ஷாட்கன்னோடு நில்லுங்கள், தலை தெரிந்ததும் சுடுங்கள்.

15. "கறுப்பா ஒரு பூச்சி கடிச்சதும் உயிர் 1 ஆயிடுச்சு. அவ்வளவுதானா?"

அவ்வளவில்லை. விஷ ஹெட்கிராப் கடித்தால் எவ்வளவு உயிர் இருந்தாலும் 1-க்கு இறங்கிவிடும். ஆனால் கவச உடை மாற்றுமருந்து ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உயிரைத் திரும்பக் கொடுக்கும். அந்தச் சில நொடிகள் வேறு எதுவும் உங்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே மருந்துப்பெட்டியைச் செலவழிக்க வேண்டாம். சண்டை நடுவில் பலவகை எதிரிகள் வந்தால், விஷப் பூச்சியை முதலில் முடிக்க வேண்டும்.

16. "கடற்கரை லெவல்ல கடலே உள்ள போயிருக்கே, அது ஏன்?"

முத்துப்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டது. ஹைவே 17 அத்தியாயத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தால் தெரியும். படகுத்துறையின் கால்கள் அடிவரை வெளியே நிற்கும், அவற்றுக்குக் கீழே மணல்தான். படகுகள் தரை தட்டிக் கிடக்கும். தண்ணீர் எங்கோ தள்ளி இருக்கும். யாரும் நின்று விளக்கம் சொல்ல மாட்டார்கள். கம்பைன் இந்தப் பூமியின் வளங்களை உறிஞ்சுகிறது, கடலைக்கூட விடவில்லை என்று காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ரயில் நிலையத்தில் ஒருவர் "இந்தத் தண்ணீரைக் குடிக்காதே, மறக்க வைக்க ஏதோ கலக்கிறார்கள்" என்று எச்சரிப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நாட்டைப் பிடித்தவன் முதலில் தண்ணீரைத்தான் பிடிக்கிறான் என்பதை இந்தக் கதை புரிந்து வைத்திருக்கிறது. வாய்க்கால் வறண்ட வருஷங்களில் வளர்ந்த எனக்கு ஆட்டத்தின் சண்டைகளைவிட அந்தப் படகுத்துறைதான் மனதில் தங்கியிருக்கிறது.

நாகப்பட்டினத்துப் பக்கம் 2004 டிசம்பர் 26-ஐ நேரில் பார்த்தவர்களுக்குக் கடல் உள்வாங்கிய காட்சி கலக்கத்தைத் தரலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் திரும்பிப் பொங்கி வருவதுபோல் இந்த ஆட்டத்தில் எந்த இடத்திலும் கிடையாது.

17. "மணல்ல கால வெச்சாலே பூச்சி கெளம்புது. ஓடி ஓடி சாகுறேன்."

அவை ஆன்ட்லயன். மணலில் எழும் அதிர்வு கேட்டு வருகின்றன. ஆகவே மணலை மிதிக்காதீர்கள். பாறைக்குப் பாறை தாவுங்கள். இடைவெளி பெரிதானால் கிராவிட்டி கன்னால் பலகை, தகரம், கதவு எதையாவது முன்னால் போட்டு அதன்மேல் நடங்கள். கடந்ததும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போடுங்கள். தரையைக் குத்திக்கொண்டிருக்கும் பெரிய எந்திரங்களுக்குப் பக்கத்தில் ஆன்ட்லயன் வராது, மூச்சு வாங்க அங்கே நிற்கலாம். இதன்பின் ஒரு கட்டத்தில் அதே பூச்சிகள் உங்கள் சொல் கேட்கும் படையாகிவிடும். அப்போது எதிரியின் மணல்மூட்டைக்குப் பின்னால், பூச்சிகளை ஏவ உங்களுக்குக் கிடைக்கும் உருண்டையை எறிந்துவிட்டு நீங்கள் மறைவில் இருந்தால் போதும், முன்னால் ஓட வேண்டாம்.

18. "பறக்குற கப்பல் என் ராக்கெட்டையே சுட்டு விழுத்துது. என்ன செய்ய?"

ராக்கெட் நீங்கள் காட்டும் சிவப்புப் புள்ளியைத் தொடர்ந்து போகும். நேராக எய்தால் கன்ஷிப் அதைச் சுட்டுவிடும். எய்தபின் புள்ளியைக் கப்பலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தி, ராக்கெட்டை வளைத்துக் கொண்டுபோய், கடைசி நொடியில் உள்ளே திருப்புங்கள். சுமக்க முடிவது மூன்றே ராக்கெட் என்று பத்தாம் கேள்வியில் சொன்னேன். இப்படிப்பட்ட இடங்களில் எடுக்க எடுக்கத் தீராத ராக்கெட் பெட்டி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறைவுவரை ஓடும் வழியை மனதில் வைத்துக்கொண்டு சண்டையைத் தொடங்குங்கள். மூன்று கால் ஸ்ட்ரைடருக்கும் இதே வழிதான். அதன் பெரிய கதிர் கிளம்பும் முன் காற்று ஒடுங்குவதுபோல் சத்தம் வரும். கேட்டதும் ஜன்னலை விட்டு விலகிவிடுங்கள்.

19. "டரெட் மூணையும் நிக்க வெச்சா விழுந்துகிட்டே இருக்கு. அந்த ரூம்ல இருபது தடவ செத்துட்டேன்."

என்டாங்கில்மென்ட் அத்தியாயத்தில் எதிரிகளைத் தடுத்துக் காத்திருக்கும் அந்த அறையில் எல்லாரும் டரெட் என்ற தானியங்கித் துப்பாக்கியை நடுவில் வைக்கிறார்கள். நடுவில் நின்றால் கையெறி குண்டும் ஆளின் இடியும் அதைச் சாய்த்துவிடும், சாய்ந்ததும் அது அணைந்துவிடும். முதுகைச் சுவரில் ஒட்டி, மூலையில் வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கும்படி இரண்டு மூலையில் இரண்டு, மூன்றாவது நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால். விழுந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், கிராவிட்டி கன்னால் எடுத்து நிமிர்த்தி வைத்தால் மறுபடி வேலை செய்யும். உள்ளே வரும் கையெறி குண்டுகளை உடனே பிடித்து வெளியே எறிவதுதான் உங்கள் முதல் வேலை. சுடுவதை டரெட் பார்த்துக்கொள்ளும்.

20. "கடைசில எல்லா ஆயுதமும் போயிடுச்சு. சேவ் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, கதையே அப்படித்தான். பயப்படாமல் முன்னால் போங்கள். கையில் மிஞ்சுவது எதுவோ அது முன்பைவிடப் பலமடங்கு வலுவாகிவிடும். என்ன என்பதை நான் சொல்லப்போவதில்லை, பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை.

21. "தம்பி, என் பையன் எட்டாவது படிக்கிறான். துப்பாக்கி கேம் வெச்சுத் தரச் சொல்றான். வெச்சுக் குடுக்கலாமா?"

இப்போது வேண்டாம் அக்கா. அமெரிக்கத் தரக்குறியீட்டில் இது 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. ரத்தம் உண்டு, பதினான்காம் கேள்வியில் சொன்ன ரேவன்ஹோம் பெரியவர்களையே உலுக்கும். இன்னும் சில வருடம் கழித்து, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்போது ஆடட்டும்.

அவனுக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற ஆட்டத்தைப் போட்டுத் தருகிறேன். அதே வால்வ் நிறுவனம், அதே சோர்ஸ் எஞ்சின், 2007-இல் வந்தது. சுடுவதற்குப் பதில் சுவரில் இரண்டு வாசல் திறந்து ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வரும் புதிர்கள். வேகம், ஈர்ப்பு இரண்டையும் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன் கையால் உணர்ந்துவிடுவான்.

22. "சிட்டி 17 நிஜமா இருக்குற ஊரா?"

இல்லை. ஆனால் வெறும் கற்பனையும் இல்லை. கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர். தான் வளர்ந்த கிழக்கு ஐரோப்பிய நகரத்தின் பழைய கட்டடங்கள், டிராம் கம்பிகள், மங்கிய பெயின்ட் ஆகியவற்றின் நடுவே வேற்றுலகத்தின் கறுத்த உலோகத்தைச் செருகினார். அதனால்தான் அந்த ஊர் மனிதர்கள் வாழ்ந்த ஊராகத் தெரிகிறது. சொந்த ஊரை இப்படிக் கூர்ந்து பார்த்து வரைகிறவர் கும்பகோணத்தையோ தரங்கம்பாடியையோ வைத்தும் ஒரு விஞ்ஞானப் புனைவு ஆட்டம் செய்யலாம். நம் பிள்ளைகளில் ஒருவர் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

23. "முடிச்சிட்டேன்ணே! அடுத்து என்ன? மூணாவது பாகம் எப்ப?"

கதையின் தொடர்ச்சியான எபிசோட் ஒன் 2006-லும் எபிசோட் டூ 2007-லும் வந்தன. முன்பு தனித்தனியாக இருந்த இரண்டையும் 2024 நவம்பரில் இருபதாம் ஆண்டு அப்டேட்டில் ஹாஃப்-லைஃப் 2-க்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே அப்டேட்டில், ஆட்டத்தை உருவாக்கியவர்களே ஒவ்வோர் இடத்தையும் ஏன் அப்படி அமைத்தோம் என்று பேசும் குரல் விளக்கமும் வந்தது. இரண்டாம் முறை ஆடும்போது அதைப் போட்டுக் கேளுங்கள்.

எபிசோட் டூ மிகத் துயரமான இடத்தில் நின்றுவிடும், அதற்கு நேர் தொடர்ச்சி வரவில்லை. 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் இதற்கு முந்தைய காலத்துக் கதை, ஆட வி.ஆர். தலைக்கவசம் வேண்டும். முதல் பாகத்தை ஆடாதவர்களுக்கு பிளாக் மேசா என்ற மறு ஆக்கம் இருக்கிறது. ரசிகர்கள் பல வருடம் உழைத்துச் செய்து, 2020-இல் முழுமையாக வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் அதற்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன லேப்டாப் போதாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். இருப்பதை எடுத்து வாருங்கள், கார்டு போட இடம் இருக்கிறதா என்று திறந்து பார்த்துச் சொல்கிறேன்.